கண்டலும் களப்பும்: வன்னிக் கரையோரச் சதுப்புநில மீட்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சங்கச் சான்றோரின் நெய்தற் பாடல்களைக் கூர்ந்து பயில்வோர், அங்கு மரஞ்செடிகளின் பெயர்கள் அணிக்காக மட்டும் அடுக்கப்படவில்லை என்பதை எளிதில் உணர்வர். அடும்பு அலை தொடும் மணலிற் படர்கிறது. புன்னையும் ஞாழலும் அதற்கு அப்பாலுள்ள மணல்மேட்டில் நிழல் செய்கின்றன. தாழை கானலுக்கு வேலியாகிறது. கண்டல் உப்பங்கழிச் சேற்றில் வேரூன்றி நிற்கிறது. எது எங்கு நிற்கும், எதன் அடியில் நீர் எவ்வளவு காலம் தங்கும் என்பவற்றை அறிந்த கண்கள் கண்ட நிலம் அது.

அப்பாடல்களுள் நற்றிணையின் 172ஆம் செய்யுள் நமது பொருளுக்கு மிக நெருங்கியது. தோழியரோடு விளையாடிய தலைவி புன்னை விதையொன்றை வெண்மணலில் அழுத்திவிட்டுப் பின் அதனை மறந்துபோகிறாள். மறந்த விதை முளைக்கிறது. முளைத்ததைக் கண்டபின் நெய் கலந்த இனிய பால் வார்த்து அதனை வளர்க்கின்றனர். தாயோ அம்மரத்தை மகளுக்கு உடன்பிறந்தாளாகக் காட்டி, அவளினும் அது சிறந்தது எனப் பாராட்டுகிறாள். ஆகவே அதன் நிழலில் நின்னோடு நகையாட நாணுகிறோம் எனத் தோழி தலைவனிடம் கூறுகிறாள். அகத்துறை நோக்கில் இச்செய்யுள் பலராலும் விளக்கப்பட்டுள்ளது. கரையோர மரவளர்ப்பின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இதில் வேறொரு செய்தியும் உண்டு. அப்புன்னையை வேண்டுமென்று நட்டவர் எவருமிலர், வளர்த்தவர் உளர்.

அண்மைய அரை நூற்றாண்டில் உலகின் பல கரைகளில் இதற்கு நேர்மாறான நிலையே காணப்பட்டது. கண்டற் கன்றுகளை நட்டோர் தொகை பல்லாயிரமாகப் பெருகிற்று. நட்டதை அடுத்த ஆண்டு சென்று பார்த்தோர் மிகச் சிலரே. இவ்வேறுபாடு எங்ஙனம் ஏற்பட்டது, வன்னிக் களப்புகளைப் பொறுத்தவரை அதன் பொருள் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தை நோக்குவோம். வன்னிப் பெருநிலத்தின் கிழக்குக் கரையில் வடக்கிலிருந்து தெற்காகச் சுண்டிக்குளம், நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்னும் களப்புகள் வரிசையாக அமைந்துள்ளன. கடலுக்கும் இக்களப்புகளுக்கும் இடையே கிடப்பது ஒடுங்கிய மணல்திடலே. வவுனியா மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. எனினும் அம்மாவட்டத்தின் மழைநீரில் ஒரு பகுதி இக்களப்புகளை வந்தடைகிறது. கனகராயன் ஆறு வவுனியாவின் வடபாகத்தில் தோன்றி, இரணைமடுவை நிறைத்துச் சுண்டிக்குளக் களப்பில் விழுகிறது. பேராறு முத்தையன்கட்டைக் கடந்து நந்திக்கடலிற் கலக்கிறது. வன்னியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் குளங்களையே எழுதினர். குளத்துக்குக் கீழே நீர் என்னவாயிற்று என்பது அவர்தம் கவனத்தை அத்துணை ஈர்க்கவில்லை. மேலே ஒரு குளம் கட்டப்பட்டபோதும் உயர்த்தப்பட்டபோதும் கீழேயுள்ள களப்புக்கு வரும் நன்னீரின் அளவும் காலமும் மாறியிருக்க வேண்டும். அம்மாற்றம் கரையோரத் தாவரங்களைப் பாதியாது விட்டிருக்க முடியாது.

இக்களப்புகளின் உயிர்நிலை அவற்றின் வாயில்களிலேயே உள்ளது. இவற்றைத் தொடுவாய் என்பர். கொக்குத்தொடுவாய் என்ற ஊர்ப்பெயரே இதற்குச் சான்றாகும். கோடையில் அலைகள் மணலைக் குவித்து வாயை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட களப்பில் நீர் வற்றி உப்பு ஏறுகிறது. ஓரங்களில் வெண்மையான உப்புப் பொருக்குப் படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பொழியவும் ஆற்றுநீர் வந்து நிறைந்து, சில காலம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. பின்னர் வெள்ளம் தானாகவே மணலை உடைத்துக்கொண்டு செல்லும். இன்றேல் மக்கள் கூடி வெட்டிவிடுவர். வட்டுவாகலில் நந்திக்கடலின் முகத்துவாரத்தை வெட்டுதல் வயல்காரருக்கும் மீனவருக்கும் ஒருங்கே வாழ்வுப் பிரச்சினையாகும். வெள்ளம் வடியவேண்டும் என்பது முன்னையோர் கவலை. இறாற்குஞ்சு உள்ளே வரவேண்டும், களப்பு முற்றாக வடிந்துவிடவும் கூடாது என்பது பின்னையோர் கவலை. எந்த நாளில் வெட்டுவது என்பதில் இவ்விரு சாராரும் எப்பொழுதும் உடன்படுவர் எனக் கூற இயலாது.

இன்னுமொன்றும் கருதற்பாலது. இலங்கையைச் சூழ்ந்த கடலில் வற்றுப்பெருக்கின் உயரவேறுபாடு மிகச் சிறியது. ஒரு மீற்றருக்கும் குறைவானது. மலாயாவில் வாட்சன் என்னும் காட்டியல் அறிஞர் 1928இல், கடல்நீர் மாதத்தில் எத்தனை முறை நிலத்தை மூடுகிறது என்பதைக் கொண்டு கண்டற் காடுகளை வகைப்படுத்தினார். அவ்வகைப்பாடு பின்னர் உலகெங்கும் நூல்களிற் பயின்றது. ஆயின் நாளொன்றுக்கு இருமுறை பல அடி ஏறி இறங்கும் மலாயாக் கழிமுகத்துக்கும், ஆண்டின் ஒரு பகுதியில் வாயடைத்துக் கிடக்கும் நந்திக்கடலுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. வன்னியில் நீர்மட்டத்தை நிர்ணயிப்பது சந்திரனைவிட மழையும் மண்வெட்டியுமே எனலாம்.

இத்தகைய நீர்நிலைக்கு ஏற்ற தாவரங்கள் இங்கு இயல்பாகவே அமைந்துள்ளன. உப்பையும் வரட்சியையும் பொறுக்கும் கண்ணா மரம், அதாவது வெண்கண்டல், சேற்றுக்கு மேலே விரல்விரலாக மூச்சுவேர்களை நீட்டி நிற்கும். சற்று உயர்ந்த ஓரத்தில் தில்லை வளரும். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த மரமும் இதுவே. பால் கண்ணிற் பட்டால் தீங்கு பயக்கும் என்பதால் விறகுவெட்டிகளும் அஞ்சுவர். இவற்றுக்கு அப்பால் உமரி படர்ந்த உவர்வெளி. கடற்பக்க மணலில் அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். முள்ளிவாய்க்கால், தாழையடி, புன்னைநீராவி என வன்னியிலும் அதன் அயலிலும் வழங்கும் ஊர்ப்பெயர்கள் பழைய தாவரப் பட்டியல் போலவே நமக்குத் தோன்றுகின்றன. மிண்டிவேர் ஊன்றி நிற்கும் பெருங்கண்டல் நீர் இடையறாது வந்துபோகும் இடங்களையே பெரிதும் விரும்பும். இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் நிகழ்ந்த தவறுகள் பலவற்றுக்கு இதனை மறந்தமையே காரணம்.

முற்காலத்தில் கண்டலுக்கும் மீனவருக்கும் இருந்த உறவு பயன்பாட்டின் வழிப்பட்டது. பருத்தி நூலாலும் சணலாலும் ஆன வலைகள் உப்புநீரில் விரைவில் உக்கிப்போகும் என்பதால் கண்டற் பட்டையை அவித்த சாற்றில் அவற்றைத் தோய்த்தெடுப்பர். வேலிக்குக் கம்பு, அடுப்புக்கு விறகு, சுண்ணாம்புச் சூளைக்கு எரிபொருள் யாவும் அங்கிருந்தே பெறப்பட்டன. வெட்டினார்கள் என்பது உண்மை. ஆயினும் அடுத்த ஆண்டும் பட்டை வேண்டும் என்பதால் முற்றாக அழித்தல் அவர்தம் நலனுக்கு ஒவ்வாததாயிற்று. 1950களிலும் 60களிலும் நைலோன் வலை பரவியபோது இவ்வுறவின் முக்கிய இழை அறுந்தது. வலைக்குப் பட்டை தேவையற்றுப் போயிற்று. கண்டற் கரை எவருக்கும் உரிய பொருளாக இல்லாமல், சேறு நிறைந்த வெற்றிடமாகப் பலர் கண்ணுக்குத் தெரியலாயிற்று. நைலோன் வலையின் வரவை நமது சமூக வரலாற்றாசிரியர் மீன்பிடிப் பொருளாதாரத்தோடு மட்டும் தொடர்புபடுத்தி எழுதுதல் போதாது என்பது என் கருத்து.

அரசின் நோக்கும் இக்காலத்தில் ஒரே தன்மையதாக இருக்கவில்லை. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது; கொக்கிளாய்க் களப்பு 1951இல் அந்நிலை பெற்றது. அதே சுண்டிக்குளத்தை உள்ளடக்கியே, ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீர் ஏரியாக மாற்றி அந்நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1950களில் வகுத்தார். கடல்வாயை மறித்துச் சுண்டிக்குளத்தில் அணையும் எழுந்தது. வெள்ளத்தால் அது உடைந்தது, திட்டம் முற்றுப்பெறவில்லை. குடிநீரற்ற குடாநாட்டுக்கு நீர் வேண்டும் என்ற அவரது அவாவை எவரும் குறைகூற முடியாது. ஆயினும் நன்னீராக வேண்டியதும் உவர்நீர்ப் பறவைகளுக்குப் புகலிடமாக வேண்டியதும் ஒரே நீர்ப்பரப்பு என்ற முரண்பாடு அன்று எவருக்கும் பெரிதாகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

இனி நடுகையின் வரலாற்றுக்கு வருவோம். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரையும் அதன் கரையோர ஊர்களையும் அழித்தது. கண்டற் காடுகளின் பின்னால் இருந்த ஊர்கள் குறைந்த சேதமே அடைந்தன என்ற செய்தி தமிழகத்தின் பிச்சாவரத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஆய்வேடுகளில் வெளிவந்தது. தரையின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமுமே முதன்மைக் காரணிகள் என மறுத்தோரும் உண்டு. விவாதம் முடியுமுன்னரே நடுகை தொடங்கிவிட்டது. தொண்டு நிறுவனங்கள், பாடசாலைகள், அரச திணைக்களங்கள், வெளிநாட்டு நன்கொடையாளர் எனப் பல திறத்தாரும் இலங்கைக் கரையெங்கும் கண்டல் நட்டனர். மணற்கரையிற் சவுக்கு நட்டோரும் உளர். துயருற்ற மக்களுக்குச் செய்யத்தக்க ஒரு செயல் தேவைப்பட்டது. அந்த உள்ளத்தை நாம் மதித்தல் வேண்டும்.

விளைவு யாது? உருகுணைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பெல்ஜிய நாட்டு அறிஞரும் இணைந்து இலங்கையில் 23 இடங்களில் நிகழ்ந்த 67 நடுகை முயற்சிகளை ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். நடப்பட்டதாகக் கூறப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டெயர் பரப்பில் வெற்றி கண்டது 200 முதல் 220 ஹெக்டெயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுதானும் எஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. நட்டபின் பராமரிப்பு இருந்ததா என்பதே பிழைத்தலோடு நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது. நெய்யும் பாலும் வார்த்த நற்றிணைத் தோழியர் நமக்கு ஈண்டு நினைவுக்கு வருவர்.

தோல்வியின் காரணங்களைச் சற்று விரித்து நோக்குதல் தகும். பெருங்கண்டலின் வித்து தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து முருங்கைக்காய் போல் நீண்டு தொங்குவது. தாவரவியலார் இதனைச் சீவசமுளைத்தல் என்பர். பொறுக்குவது எளிது, கையிற் பிடிப்பது எளிது, சேற்றிற் குத்திவிட்டால் நட்டாயிற்று. நாற்றுமேடைகூட வேண்டியதில்லை. ஒரு காலைப்பொழுதில் நூறு மாணவர் ஆயிரக்கணக்கில் நட்டுப் படமெடுத்துக்கொண்டு வீடு திரும்பலாம். கண்ணாவின் வித்தோ சிறியது. அதை நாற்றாக்கிப் பேணவேண்டும். ஆகவே எங்கும் பெருங்கண்டலே நடப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இதே வழக்கம் நிலவிற்று. பெருந்தொகைப் பணம் செலவிட்டும் நீண்டகாலத்தில் எஞ்சியவை நூற்றுக்கு 10 முதல் 20 வரையே என அந்நாட்டு ஆய்வாளர் 2008இல் எழுதினர். நடும் இடமும் தவறாகத் தெரியப்பட்டது. வயலும் வீடும் தோட்டமும் பிறருக்குரியவை. எவரும் உரிமை கோராத வெற்றுச் சேற்றுவெளிதான் எளிதிற் கிடைத்தது. அங்கு மரம் இல்லாமைக்கு நீரே காரணம் என்பதை எவரும் எண்ணவில்லை. அவ்வெளி பூநாரைகளுக்கும் தொலைதூரத்திலிருந்து வரும் கரைப்பறவைகளுக்கும் இரைநிலம் என்பதும் நினைக்கப்படவில்லை. சுண்டிக்குளத்தின் மதிப்பே அத்தகைய வெற்றுவெளிகளால் அமைந்தது. மரமற்ற இடமெல்லாம் அழிந்த காடு எனக் கொள்ளுதல் பெரும் பிழை. மிகுதியைக் கால்நடைகள் முடித்துவைத்தன.

வன்னியைப் பொறுத்தவரை இடையில் வேறொரு பேரழிவும் நேர்ந்தது. 2009ஆம் ஆண்டின் முதற் பாதியில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட மணல்திடலில் பெருந்தொகையான மக்கள் நெருக்குண்டு கிடந்ததும், அங்கு எண்ணற்ற உயிர்கள் மாய்ந்ததும், மே மாதத்தில் போர் அங்கேயே முடிவுற்றதும் நாம் அறிந்தவை. அந்நிலத்தைப் பற்றித் தாவரவியல் மொழியில் மட்டும் பேசுதல் எவர்க்கும் இயலாது. எஞ்சியோர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேயே. ஆண்டுக்கணக்கில் ஆளற்றுக் கிடந்த கரைக்கு மக்கள் மெல்ல மெல்லத் திரும்பினர். அகழிகளும் மண்ணரண்களும் எங்கெங்கு நீரின் பழைய போக்கை மறித்துள்ளன என்பது துறைதோறும் சென்று ஆராயவேண்டிய வினா.

போரால் அழிந்த கண்டல் நிலத்தை மீட்ட வரலாறு உலகில் உண்டு. வியட்நாமின் சைகோன் நகருக்குத் தெற்கேயுள்ள கான்ஜியோக் கழிமுகக் காடு 1960களில் அமெரிக்க விமானங்கள் தூவிய இலையுதிர் நஞ்சினால் பெரும்பாலும் மாண்டது. போர் முடிந்து மூன்று ஆண்டுகளின் பின், 1978இல், ஹோ சி மின் நகர நிருவாகம் மீள்நடுகையைத் தொடங்கிற்று. தென்கோடியிலுள்ள கா மாவ் பகுதியிலிருந்து கண்டல் முளைகள் கொண்டுவரப்பட்டன. உணவுக்கே தட்டுப்பாடான காலம் அது. ஆயிரக்கணக்கான இளைஞரும் உள்ளூர்ப் பெண்களும் இடுப்பளவு சேற்றில் நின்று நட்டனர். 1990களின் தொடக்கத்தில் காட்டின் பகுதிகள் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் காட்டுக்குள்ளேயே குடியிருந்து ஊதியம் பெற்றுக் காவல் புரிந்தனர். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உயிர்க்கோள ஒதுக்கிடமாக ஏற்றுக்கொண்டது. இவ்வெற்றியைக் கேட்டதும் நாமும் அங்ஙனமே செய்வோம் எனப் புறப்படுதல் இயல்பு. ஆயின் கான்ஜியோவில் மரங்கள் மாண்டனவே தவிர, வற்றுப்பெருக்கு மாறவில்லை. நீர் நாள்தோறும் இருமுறை வந்துபோய்க்கொண்டே இருந்தது. அத்துடன் ஒரே இனத்தை நட்டதால் ஏற்பட்ட குறைகளை அந்நாட்டறிஞரே பின்னர் எடுத்துரைத்தனர்.

வன்னிக்கு அதனினும் நெருங்கிய பாடம் பாக்குநீரிணைக்கு அப்பால் உள்ளது. தமிழகத்தில் அலையாத்தி என்று வழங்கும் இக்காடுகள், குடியேற்ற ஆட்சிக் காலத்திலிருந்து 1970கள் வரை பிச்சாவரத்தில் கூறு கூறாக மொட்டையடிக்கப்பட்டன. வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் வளரும் என்பது காட்டிலாகாவின் கணக்கு. வளரவில்லை. அடுத்தடுத்து நட்டும் பயனில்லை. மக்கள் வெட்டுவதாலும் மாடு மேய்வதாலும் காடு அழிகிறது எனக் குற்றஞ்சாட்டுவது எளிதாயிற்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் மண்ணை ஆராய்ந்தபோது உண்மை வேறாக வெளிப்பட்டது. மர நிழல் நீங்கிய சேறு வெயிலிற் காய்ந்து இறுகித் தாழ்ந்து, தொட்டி போலக் குழிந்துவிட்டது. புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாகி, உப்பு மட்டும் எஞ்சியது. ஆகவே அவர்கள் முதலில் வாய்க்கால் வெட்டினர். மீன்முள்ளைப் போல நடுவே ஒரு பெருவாய்க்காலும் இருமருங்கும் கிளைவாய்க்கால்களும் அமைத்து, இயற்கை ஓடையோடு தொடுத்தனர். நீர் வந்துபோகத் தொடங்கி உப்புக் குறைந்தபின் ஊர்மக்கள் கன்றுகளை நட்டனர், வெண்கண்டலே பெரும்பான்மை. வாய்க்காலிற் சேரும் வண்டலை ஆண்டுதோறும் அள்ளும் பொறுப்பும் ஊர்க்குழுக்களுக்கு உரியதாயிற்று. செய்மதிப் படங்களைக் கொண்டு கணித்தபோது, 1986க்கும் 2002க்கும் இடையில் பிச்சாவரக் காட்டின் பரப்பு ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு கூடியிருந்தது. முத்துப்பேட்டையிலும் இம்முறை கையாளப்பட்டது. வாய்க்கால் வெட்டுவதும் வண்டல் அள்ளுவதும் வன்னி மக்களுக்குப் புதியவை அல்ல. குளங்களை நம்பி வாழும் ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை அது.

நீரைத் திறந்துவிட்டுப் பின் நடுதல் என்ற ஒழுங்கு, கண்டல் நாளின் தோற்றத்திலேயே உள்ளது என்பது பலர் அறியாத செய்தி. தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டு மூயிஸ்னே என்னும் கரையோர ஊரில் 1998 யூலை 26ஆம் நாள் மக்கள் திரண்டு, சட்டவிரோதமான இறாற் பண்ணையொன்றின் வரம்பை உடைத்துக் கடல்நீரை உள்ளே விட்டு, அவ்விடத்தை மீண்டும் கண்டல் நிலமாக்க முயன்றனர். அப்போராட்டத்தில் பங்குகொண்ட மைக்குரோனேசியத் தீவினரான ஹேஹோ டானியல் நானோட்டோ மாரடைப்பால் அங்கேயே இறந்தார். அவர் நினைவாகத் தொடங்கிய நாளையே யுனெஸ்கோ 2015இல் உலகக் கண்டல் நாளாக ஏற்றது. இன்று அந்நாளிற் கன்று நடுவோர் பலர். வரம்பு உடைத்த கதையை நினைப்போர் சிலர்.

இலங்கையிலும் அதே 2015இல் ஒரு பெருமுயற்சி தொடங்கிற்று. சிலாபத்துக்கு அண்மையிலுள்ள பம்பலையைத் தளமாகக் கொண்ட சுதீச என்னும் சிறுமீனவர் அமைப்பு, கலிபோர்னியாவின் சீகொலஜி நிறுவனத்தோடும் அரசோடும் இணைந்து, நாட்டின் கண்டற் காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டமொன்றை அறிவித்தது. எஞ்சியுள்ள 8,800 ஹெக்டெயர் அளவான காட்டைக் காத்தல், 3,900 ஹெக்டெயர் அளவில் மீள நடுதல், கரையோர ஊர்களில் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்குதல் என்பன அதன் இலக்குகள். விறகு வெட்டுபவள் பெண் என்பதால் காப்பவளும் அவளே ஆகவேண்டும் என்ற எண்ணம் இதன் அடிப்படை. கடன் கொடுத்தால் மரம் பிழைக்கும் என்பதை நான் அப்படியே ஏற்பதற்கில்லை. ஆயினும் நட்டபின் அவ்விடத்திலேயே வாழப்போகிறவர் யார் என்ற வினாவை இத்திட்டம் எழுப்பியது பாராட்டத்தக்கது. புத்தளம் மாவட்டத்து ஆனைவிழுந்தாவவில் கைவிடப்பட்ட இறாற் பண்ணைகளின் தடைகளை நீக்கி இயற்கையாகவே காடு மீள வழிசெய்யும் பணியும் பின்னர் தொடங்கிற்று. 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சூழல் நிகழ்ச்சித்திட்டம் இலங்கையின் கண்டல் மீட்பை உலகின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாக அறிவித்தபோது, 2015 முதல் மீட்கப்பட்டதாகக் கூறிய பரப்பு 500 ஹெக்டெயர். முன்னைய இலக்குகளோடு ஒப்பிட இது சிறிய எண். என்னைக் கேட்டால், சிறியதாக இருப்பதாலேயே நம்பத்தக்க எண்.

நீர்கொழும்பின் கதை இவை எல்லாவற்றினும் பழையது; தொண்டர் எவருமின்றி நிகழ்ந்தது. அங்குள்ள களப்பு மீனவர் கண்டற் கிளைகளை ஆழமற்ற நீரில் நெருக்கமாக ஊன்றி, அவற்றினிடையே மீன்கள் அடைந்தபின் சுற்றி வலையிட்டுப் பிடிப்பர். கிளை உக்கிவிடும், மீண்டும் ஊன்றவேண்டும். ஆகவே தம் தேவைக்குத் தாமே கண்டல் நட்டு வளர்த்து வெட்டிவந்தனர். கன்றுகள் நன்கு பிழைத்த மூன்று இடங்களுள் நீர்கொழும்பும் ஒன்றானது தற்செயல் அன்று.

வன்னியில் நிலைமை எவ்வாறுள்ளது? 2015இல் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. 2017 சனவரியில் நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கங்களாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. முன்னையது 4,100 ஹெக்டெயருக்கும், பின்னையது 4,400 ஹெக்டெயருக்கும் மேற்பட்ட பரப்புடையது. காப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் பலமுறை இடம்பெயர்ந்து, தம் காணி யாரிடம் உள்ளது என்று கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்த மக்களுக்கு, எல்லைக்கல் ஒவ்வொன்றும் ஒரே பொருளைத்தான் தரும். பறவைக்காக நட்ட கல் இது, படைமுகாமுக்காக நட்ட கல் அது எனப் பகுத்துணரும் மனநிலையை அவர்களிடம் எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை. இந்நிலையில் தலைநகரிலிருந்து வண்டிகளில் வந்து கண்டல் நட்டுச் செல்லும் தொண்டரை அவர்கள் ஐயுற்று நோக்கினால் வியப்பதற்கில்லை. மீனவர் பங்கு இல்லாத மீட்பு இங்கு நிலைக்காது என்பதற்கு நீர்கொழும்பே போதிய சான்று.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பர் நம் முன்னோர். தொண்டர் அணிகளைத் திரட்டும் கூட்டங்களில் இப்பழமொழி தவறாது எடுத்தாளப்படுகிறது. அடம்பன் கொடியை எவரும் நட்டதில்லை; மணலைக் குலைக்காமல் விட்டால் அது தானே படரும் என்பதையும் உடன் கூறுதல் நன்று. வன்னிக் கரையில் தொண்டர்க்கு உரிய வேலைகள் பல உள. அடைபட்ட ஓடையைத் திறத்தல், கண்ணாவும் தில்லையும் தாமாக முளைத்துள்ள ஓரங்களைக் கண்டறிந்து சில ஆண்டுகள் மாடு புகாமற் காத்தல், தாய்மரங்கள் அறவே இல்லாத இடங்களுக்கு மட்டும் நாற்று வளர்த்துக் கொடுத்தல் முதலியன அவை. இவற்றுள் எதுவும் ஒரு காலைப்பொழுதில் முடியாது. படத்திற்கும் அத்துணை பொருந்தாது.

அவற்றுக்கெல்லாம் முற்பட்ட வேலையொன்று மாணவர்க்கு உரியது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இயங்குகிறது. 2021 முதல் வவுனியாவும் தனிப் பல்கலைக்கழகம் பெற்றுள்ளது. நந்திக்கடலின் முகத்துவாரம் எந்தெந்த ஆண்டில், எந்த மாதத்தில் தானாக உடைந்தது, எப்போது வெட்டப்பட்டது, உள்ளே நீர் எந்த மரத்தின் எந்தக் கணு வரை ஏறிற்று, எத்தனை நாள் நின்றது, அவ்வாண்டு இறால் எப்படி இருந்தது என்பவற்றைக் கரையோர முதியவர்கள் நினைவிலிருந்தே கூறுவர். வட்டுவாகலிலும் கேப்பாப்புலவிலும் வற்றாப்பளையிலும் நாயாற்றிலும் அத்தகையோர் இன்றும் உளர். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலை முன்வைத்தே அவர்கள் ஆண்டுகளை எண்ணுவர்: இந்தப் பொங்கலுக்குத் தண்ணீர் படிவரை நின்றது, அந்தப் பொங்கலுக்குச் சேறு வெடித்துக் கிடந்தது என்று. அவற்றைத் திகதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தால், நடத்தக்க இடம் எது, விட்டுவிடத்தக்க இடம் எது என்பதை அதன்பின் பேசத் தொடங்கலாம்.